நூறு பர்சென்டிடம் கேட்கக் கூடாத கேள்வி

செங்கல்பட்டு மாவட்டத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும், வாடிக்கையாளருக்குத் துளிகூட வேலை வைக்காத கடைக்காரர் என்று ஒருவர்தான் தேறுவார். அவர் புதுப்பட்டினம் பஜாரில் இருக்கிற ‘நூறு பர்சென்ட்’. எந்த அளவுக்கு வேலை வைக்கமாட்டார் என்றால், கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொடுத்து, “இதில் நாலு கேம் ஏற்றிக் கொடுங்கள்” என்று நீங்கள் சொன்னால், ஏற்றி, அந்த நாலையும் கடைசி வரைக்கும் அவரே விளையாடி ஜெயித்து, அதன் பிறகுதான் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பார். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் உங்களுக்காக எல்லா எதிரிகளும் ஒழிக்கப்பட்டிருப்பார்கள், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். நீங்கள் படுத்துத் தூங்கலாம்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பஜாரில் யாருக்கும் அது தெரியாது. கூரியர்காரர்கூட “நூறு பர்சென்ட், பார்சல் வந்துகீது” என்றுதான் கூப்பிடுவார். கம்ப்யூட்டரில் இறக்கி வைத்த கேமை ஒயர் வழியாகப் பெட்டிக்கு அனுப்பும்போது திரையில் ஒரு பச்சைப் பட்டை நகரும் அல்லவா, அது தொடங்கின இடத்தில் இருந்து முடிகிற இடம் வரைக்கும் நம்மவர் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் “நூறு பர்சென்ட்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். பெயர் வந்தது அப்படித்தான்.

கடை, கருவாட்டுக் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அவர் ஏற்றிக் கொடுக்கிற கேம்களில் நெத்திலி வாசனை அடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. பெட்டியில்தான் அடிக்கும். செய்தவர்களே சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்ட கேம்களைத் தவிர வேறெதையும் ஏற்றமாட்டார். “அடுத்தவன் வலையில இருந்து எடுக்குற பயக்கம் எங்க வூட்ல கெடையாது” என்பார். அவர் வீடு சதுரங்கப்பட்டினத்தில், இடிந்த கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில். தெருவில் எல்லாரும் மீன்பிடிக்கிறவர்கள். இவர் மட்டும் எப்படிக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார் என்று கேட்டால், “எல்லாருக்கும் கடலு. எனுக்கு மட்டும் வாந்தி” என்று ஒரே வரியில் சுயசரிதையை முடித்துவிடுவார்.

கடலைத்தான் கரையோடு விட்டாரே தவிர, கடலுக்குப் போகிற வீட்டு வழக்கம் ஒன்றைப் பத்திரமாகக் கடைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். படகு தள்ளக் கிளம்புகிற ஆளிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இது அவர் வீட்டுச் சட்டம். இதைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டருக்கு மாட்டிவிடலாம் என்கிற யோசனை, உலகத்தில் வேறு எந்த மூளைக்கும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் அவரிடம் போய் மாட்டியதற்குக் காரணம் என் மனைவி. நான் கரூர்ப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவன். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிற உத்தியோகம், புதுப்பட்டினத்தில் மாடிப் போர்ஷன். ஸ்டெல்லா படாளத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். நடக்க வேண்டிய இடத்தில் ஓடுவாள், ஓட வேண்டிய இடத்தில் தாண்டுவாள். கல்யாணத்தன்று மணமேடைக்கே என்னை முந்திக்கொண்டு போய்விட்டாள். அப்படிப்பட்டவளைப் பார்த்துச் செங்கல்பட்டு டாக்டரம்மா, பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். பாத்ரூம் போகலாம், வரலாம், அவ்வளவுதான் ஸ்டெல்லாவின் மைதானம்.

அதற்கு முந்தின வருடம் எங்களுக்கு ஒரு கரு கலைந்திருந்தது. அதனால் இந்த முறை எனக்கு உண்மையிலேயே பயம். அவளுக்கும் பயம். ஆனால் பயம் வந்தால் நான் உட்கார்ந்துவிடுகிற ரகம், அவள் எழுந்து ஓடுகிற ரகம். அங்கேதான் சிக்கல்.

போனில் பொழுதைப் போக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனுக்குள்தான் சொந்தக்காரர்கள் குடியிருந்தார்களே. “எத்தினி மாசம்?”, “டேட்டு எப்ப குடுத்துகீறாங்க?”, “இன்னும் எவ்ளோ நாளுமா தள்ளணும்?” என்று காலை நாஸ்தாவுக்கு ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அக்கறை பொங்கி வழியும். போன முறையும் இதே ஆட்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருநாள் ஸ்டெல்லா போனை அணைத்து என்னிடம் கொடுத்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைக்கச் சொன்னாள்.

“டேட்டு கேக்குறவங்களுக்கு எல்லாம் நீயே சொல்லிக்கோய்யா. எனுக்கு அந்தக் கேள்வி காதுல வுயுந்தாலே வயிறு இறுக்கிப் புடிக்குது,” என்றாள்.

போன் போனது. புத்தகம் படிக்கத் தந்தேன், ரெண்டு பக்கத்தில் கீழே வைத்தாள். டிவியில் வருகிறவர்கள் எல்லாரும் அவளைவிட மெதுவாக நடந்தார்கள், பிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால், கட்டில் காலி. அம்மையார் ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டெல்லா, என்ன பண்ற நீ?”

“இன்னா பண்றது? மல்லாக்கப் படுத்துகினு நாளெல்லாம் ஃபேனையே பாத்துகினு கீறேன். அழுக்கு கண்ண உறுத்துச்சு.”

ஃபேன் பளிச்சென்று ஆனது. மறுநாள் லேசாக உதிரம் பட்டது. ஆட்டோவைப் பிடித்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரின் தோளை அழுத்திக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனோம். ஒன்றும் ஆகவில்லை, குழந்தையின் இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை எழுந்தாங்கன்னா நான் பொறுப்பில்லை. அவங்களைப் படுக்க வைக்கிறது உங்க வேலை,” என்றார். கணக்கு எழுதுகிறவனுக்குக் கொடுக்கிற வேலையா இது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை, அழுகை வந்தது, அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் ஒருவர் துபாய்க்குக் கிளம்பினார். அவரிடம் பழைய கேம் பெட்டி ஒன்று இருந்தது. நீள சோப்புக்கட்டி அளவு, நடுவில் திரை, இருபக்கமும் பொத்தான்கள். “உள்ளே ஒண்ணுமே இல்லை, மெமரி கார்டு காலி. நூறு பர்சென்டிடம் கொடுத்து ஏத்திக்கோ,” என்று கொடுத்துவிட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மதியம் லீவு போட்டுக் கடைக்குப் போய், நாலு கேம் ஏற்றித் தரச் சொன்னேன். நூறு பர்சென்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார், முன்னும் பின்னும் திருப்பி, காதருகே வைத்து ஆட்டி. கார்டில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டார். அதை அவர் வூடு என்றார். “கேம கண்ட எடத்துல போட்டா பெட்டிக்குக் கண்ணு தெரியாது சார். அதது அதது வூட்ல இருக்கணும்.” பிறகு ஃபேனை நிறுத்தினார். செருப்பை வெளியே விடச் சொன்னார். போனை அணைக்கச் சொன்னார். நான் ஒரு பெருமூச்சு விட்டேன், அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

பச்சைப் பட்டை நகர ஆரம்பித்தது. நகர்ந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தக் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நான் அரைக்கால் டவுசர் போட்டிருப்பேன். வெயில், நெத்திலி, வியர்வை. வீட்டில் ஸ்டெல்லா மறுபடி ஸ்டூலைத் தேடிக்கொண்டிருப்பாளோ என்கிற கவலை. ஒரு வழியாகப் பட்டை முடிகிற இடத்துக்கு வந்தது. மனித சுபாவம், கேட்டேன்.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகுங்க?”

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் நின்றது. இந்தப் பக்கத்தில் இருந்து கருவாட்டுக் கடை அம்மா தலையை நீட்டி, “கேட்டுட்டாரா?” என்றார்.

“கேட்டுட்டாரு,” என்றார் நூறு பர்சென்ட். என்றவர், மவுஸை நகர்த்தி, ‘ரத்து’ என்று இருந்த இடத்தில் ஒரு அமுக்கு அமுக்கினார். பச்சைப் பட்டை மாயமாக மறைந்தது.

“அட, முடியப் போச்சுங்களே. எதுக்கு நிறுத்தினீங்க?”

“கெளம்பிப் போய்கினு கீறவன எப்ப வருவன்னு கேட்டா அவன் இன்னா சார் பண்ணுவான்? திரும்பி வந்து குந்தி, தண்ணி குட்ச்சிட்டு, மொதல்லேர்ந்துதான் கெளம்புவான். இதுவும் அதான்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே பானையில் இருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். கேட்ட ஆளும் குடிக்க வேண்டுமாம். “போன வாரம் ஒரு இன்சூரன்ஸ்காரரு கேட்டுகினே இருந்தாரு. சாயங்காலம் வரைக்கும் தண்ணி குட்ச்சே வயிறு ரொம்பிப் போச்சு அவுருக்கு,” என்று கருவாட்டுக் கடை அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்.

மறுபடி ஆரம்பத்தில் இருந்து. இந்த முறை நான் வாயையே திறக்கவில்லை. “நூறு பர்சென்ட்” என்று குரல் கொடுத்தார். அப்பாடா என்று ஒயரை உருவப் போனேன், கையைத் தட்டிவிட்டார். “வந்து எறங்குனதும் புடுங்குவாங்களா? மூச்சு வுடட்டும்.” கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு கையாலும் பெட்டியை ஒயரில் இருந்து மெல்லப் பிரித்தார். நான் கையை நீட்டினேன். அவர் அதைத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

“போய்ட்டு வாங்க சார். ரெடியானா சொல்றேன்.”

“அதான் ஏத்தியாச்சே?”

“ஏத்துனா ஆச்சா? கடைசி ஸ்டேஜ் தொறக்குதா இல்லியான்னு பாக்க வாணாமா? பாதில மாட்டிகினா நீங்க இன்னா பண்ணுவீங்க?”

இதற்குப் பின்னால் ஒரு சோகம் இருந்தது. அவருடைய அண்ணன் கப்பல் வேலைக்குப் போனபோது, இதே மாதிரி ஒரு பெட்டியில் கேம் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். ஏறும்போது கோப்பு எங்கோ பிசகியிருக்கிறது. கடைசி ஸ்டேஜ் வாசல் வரைக்கும் போய், திறக்காமல் அப்படியே உறைந்துவிட்டது. “மேல வானம், கீய தண்ணி, கையில தொறக்காத கேமு. மாசக்கணக்கா அப்டியே குந்திகினு இருந்துகீறான் சார். வந்து எறங்குனவன் எங்கூட ஒரு பேச்சு பேசல.” அதில் இருந்து, தன் கையால் முடிக்காத கேம் எதையும் கடையை விட்டு அனுப்புவதில்லை என்று முடிவு. அண்ணன் மேல் இருந்த பாசத்துக்கு மொத்தப் புதுப்பட்டினமும் பலி.

பலியானவர்கள் பட்டியல் பெரிது. மீன் ஏலம் விடுகிற ஒருவர் ஃபுட்பால் கேம் கேட்டிருக்கிறார். ஆசையோடு திறந்தால் அவருடைய அணி ஏற்கெனவே கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. “நான் எதுக்குய்யா, கை தட்டவா?” என்று சண்டைக்கு வந்தாராம். மாமல்லபுரத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வாடகை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து பெட்டியைக் கொடுத்தார். தினமும் வருவார், தினமும் நம்மவர் கையை விரிப்பார். விமானத்தையே தள்ளிப் போட்டுவிட்டு அந்த மனிதர் கருவாட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. கடைசியில் பெட்டி கைக்கு வந்த அன்றைக்கு “பேஜாரு நைனா” என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனதாக டெய்லர் சத்தியம் செய்கிறார்.

நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன். தினம் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கடை வாசலில் நிற்பேன். எவ்வளவு நேரம் என்று கேட்கக் கூடாதே, அதனால் கேட்காமல் நிற்பேன். அவரே சொல்வார். அந்த நாலு கேம்களில் ஒன்று, ஒரு வாத்து கூரை கூரையாகத் தாவி வீட்டுக்குப் போகிற கேம். “வாத்து பாலத்தாண்ட வந்துடிச்சு சார். இன்னும் மலை கீது.” மறுநாள், “மலையில வயுக்குது சார்.” வீட்டில் ஸ்டெல்லா பளிச்சென்று இருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அடுத்து ஜன்னல் கம்பிகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஸ்டூலை ஹவுஸ் ஓனர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

கடைசியில் ஒருநாள் பெட்டி கிடைத்தது. மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டி ஓடி, ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தேன். அவள் முகத்தில் பல வாரம் கழித்து ஒரு வெளிச்சம். பொத்தானை அமுக்கினாள். வாத்து தன் வீட்டு வாசலில், குடும்பத்தோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தது. அடுத்த கேமைத் திறந்தாள். ராஜாவுக்கு முடிசூட்டி முடிந்திருந்தது. நாலும் அப்படியே. ‘வாழ்த்துகள்’ என்று நாலு தரம் வந்தது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

“இன்னாய்யா இது? துன்னு முடிச்ச தட்ட கொணாந்து நீட்டுற?” என்றாள். குரல் கோபமாகத்தான் ஆரம்பித்தது, பாதியில் உடைந்தது. அது எனக்குத் தாங்கவில்லை.

பீரோவைத் திறக்கச் சொன்னாள். புடவைகளுக்கு அடியில் இருந்து போனை எடுக்கச் சொன்னாள். பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைப் பார்த்து நம்பரைப் போட்டாள்.

“அண்ணாத்த, தெனம் உன் கடை வாசல்ல வந்து நின்னாரே, அவுரு வூட்டு டீச்சர் பேசுறேன். நாலு கேமும் நீயே முடிச்சிகீற. எனுக்கு ஒண்ணும் வெக்கல. டாக்டரு என்னைக் கட்டில்ல இருந்து எறங்கக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க. இப்ப நீ வர்றியா, நான் எறங்கி வரட்டா?”

அடுத்த கொஞ்ச நேரத்தில் வாசலில் மொபெட் சத்தம். முன்னால் கம்ப்யூட்டர் பெட்டி, பின்னால் லுங்கியில் சுற்றிக் கட்டிய திரை, நடுவில் நூறு பர்சென்ட். அவர் கடையை மூடிவிட்டு வீடு தேடி வந்தது சரித்திரத்தில் அதுவே முதல் முறை என்று பின்னால் தெரிந்தது. செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். கட்டிலில் படுத்திருந்தவளைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி நின்றார்.

“டீச்சர், நல்லா ஓடுதான்னு பாத்துதான் குடுத்தேன். ஒரு கொறையும் கெடையாது.”

“கொறையே கெடையாது, அதான் கொறை. எனுக்கு மொதல்லேர்ந்து ஓணும்.”

“மொதல்லேர்ந்துன்னா, முடிச்சது மேலயே ஆரம்பிக்கக் கூடாது டீச்சர். கார்ட தொடச்சி மறுபடியும் ஏத்தணும். புதுசா ஏத்துனா அது கடைசி வரைக்கும் போவும்னு நான் எப்டி சொல்றது?”

“எதுக்குத்தான் அண்ணாத்த சொல்ல முடியுது,” என்றாள் ஸ்டெல்லா.

அவர் தரையைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

“பாதில மாட்டிகினா இன்னா பண்ணுவ?”

“மாட்டிகினா உன்னக் கூப்டுவேன்.”

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை இறக்கி வைத்து, ஒயர்களை மாட்டினார். கார்டில் இருப்பதை எல்லாம் அழிக்கவா என்று திரை கேட்டது. நூறு பர்சென்ட் மவுஸைத் தொடாமல் நின்றார். “நான் முடிச்சத நான் அழிக்க மாட்டேன். நீயே அமுக்கு டீச்சர்,” என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை முகம் ஒட்டுகிற தூரத்தில் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா படுத்தபடி கையை நீட்டி அமுக்கினாள்.

“போச்சா?”

“போச்சு அண்ணாத்த.”

“வாத்தும்?”

“வாத்தும்.”

ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஃபேனை நிறுத்தினார். மே மாத வெயிலில், மாடிப் போர்ஷனில், கர்ப்பிணி ஒருத்தியின் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனை நிறுத்துகிற தைரியம் அவருக்குத்தான் வரும். நான் நியூஸ் பேப்பரால் விசிறினேன். காற்று பச்சைப் பட்டை மேல் படாமல் விசிறச் சொன்னார்.

பட்டை மெல்ல மெல்ல ஏறி, முடிகிற இடத்தை நெருங்கியது. அப்போது கீழ் வீட்டு ஹவுஸ் ஓனரம்மா ஒரு கிண்ணத்தில் சேமியா பாயசத்தோடு மேலே வந்தார். நல்ல மனுஷி. நல்ல மனிதர்களுக்கு வாயில் பூட்டு கிடையாது என்பதுதான் உலகத்தின் பெரிய கஷ்டம்.

“ஸ்டெல்லா, டேட் எப்பம்மா குடுத்திருக்காங்க? இன்னும் எவ்ளோ நாள் ஆகும்?”

ஸ்டெல்லாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. முகம் இறுகியது. அந்த முகத்தை நான் எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது, அதற்கு என்ன செய்வது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

நூறு பர்சென்ட் ஸ்டெல்லாவைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். பிறகு மவுஸை எடுத்து, ரத்து செய்தார்.

“என்னப்பா பண்ற நீ?” என்றார் ஹவுஸ் ஓனரம்மா.

“மொதல்லேர்ந்துதான்மா. கேட்டுட்டீங்களே.”

“நான் இவளைத்தானேப்பா கேட்டேன். உன் கம்ப்யூட்டரையா கேட்டேன்?”

“எதக் கேட்டா இன்னா. கெளம்பி வந்துகினு கீறத எப்ப வருவன்னு கேக்கக் கூடாது. அது வரும்போது வரும். சார், தண்ணி கொண்டாங்க. அம்மாவுக்கும் ஒரு கிளாசு.”

கொண்டுவந்தேன். அவர் குடித்தார். ஹவுஸ் ஓனரம்மா எதற்கு என்று தெரியாமலே வாங்கிக் குடித்தார். அவர் குடிப்பதைப் பார்த்து ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இப்படிச் சிரிக்கலாமா, டாக்டரம்மா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் பதறினேன். தலையைத் தூக்கியபோது கண்ணெல்லாம் நனைந்திருந்தது. வயிற்றின் மேல் இருந்த கை தளர்ந்திருந்தது. அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு. பட்டை ஓடிக்கொண்டிருந்ததால் அசைய அனுமதி இல்லை.

ஹவுஸ் ஓனரம்மா அது முடிகிற வரைக்கும் நாற்காலி நுனியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நூறு பர்சென்ட்” என்று குரல் வந்ததும் அவர்தான் முதலில் கை தட்டினார். கீழே இறங்கிப் போய் எங்கள் தெரு முழுக்கச் செய்தியைப் பரப்பினார். ஸ்டெல்லாவிடம் தேதி கேட்டால் எல்லாவற்றையும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டிவரும் என்று தெருவே நம்பியது. எதை முதலில் இருந்து ஆரம்பிப்பது என்று யாரும் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மழை, மீன் விலை, பஸ் வராதது பற்றி மட்டுமே பேசினார்கள்.

ஸ்டெல்லா படுத்துக்கொண்டே கூரை கூரையாகத் தாவினாள். பாலத்தில் விழுந்தாள், மலையில் வழுக்கினாள், வாத்தைத் திட்டினாள், என்னைத் திட்டினாள். கட்டிலை விட்டு மட்டும் இறங்கவில்லை. மாட்டிக்கொண்டால் போன் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை நூறு பர்சென்ட் வருவார். பெட்டியைத் தொடக் கூடாது என்பது டீச்சரின் உத்தரவு. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் தப்பான கூரைக்குத் தாவும்போதெல்லாம் பின்னால் அவருடைய கட்டைவிரல் துடிக்கும். “ம்ஹும்” என்பதற்கு மேல் ஒரு எழுத்து சொன்னாலும் விசில் ஊதிவிடுவாள், அதைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

பிள்ளை, அது வரும்போது வந்தது. பெண். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி அறையில் படாளத்துச் சொந்தம் பாதி, கரூர்ச் சொந்தம் மீதி. கேட்காமல் அடக்கி வைத்திருந்த கேள்விகளுக்கு எல்லாம் சேர்த்து இப்போது குழந்தையை ஆளுக்கு ஆள் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நூறு பர்சென்ட் இஸ்திரி போட்ட சட்டையில், கதவோரமாக நின்றார். சட்டையையும் தாண்டி நெத்திலி வந்தது.

“வா அண்ணாத்த, தூக்கு,” என்றாள் ஸ்டெல்லா.

“இருக்கட்டும் டீச்சர். இப்பதானே வந்து எறங்கிகீது. மூச்சு வுடட்டும்.”

சொந்தக்காரர்கள் எல்லாரும் காபி குடிக்கப் போய் அறை காலியாகிற வரைக்கும் சுவரோடு நின்றார். பிறகு வந்தார். ஒயரில் இருந்து பெட்டியைப் பிரிக்கிற அதே பத்திரத்தோடு இரண்டு கையாலும் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார். நான் அவருடைய ‘நூறு பர்சென்ட்’ குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“சொல்லலையா?” என்று கேட்டேன்.

“இன்னா சார் சொல்றது. இப்பதான் ஆரம்பிச்சிகீது. நெறய ஸ்டேஜ் கீது இதுக்கு,” என்று சொல்லிக் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார்.

நாங்கள் இப்போது செங்கல்பட்டு டவுனிலேயே குடியிருக்கிறோம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள், நடக்க வேண்டிய இடத்தில் ஓடுகிறாள். நூறு பர்சென்ட் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று “ம்ஹும்” என்கிறார். ஸ்டெல்லா அந்த வாத்தை எப்போதோ வீடு சேர்த்துவிட்டாள், மகளுக்குக்கூட அது தெரியும். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஸ்டெல்லா மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்து, மலையில் போய் மாட்டிக்கொள்கிறாள்.